மோட்டார் வைத்த குடில்

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு இந்த வருஷமும் நடுவர் சுகுமார்தான் என்று பூசையில் அறிவித்தார்கள். பூசை முடிந்து கூட்டம் வாசலுக்கு வருவதற்குள் நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

சுகுமார் எங்கள் பங்குப் பேரவையின், அதாவது கோயில் நிர்வாகக் குழுவின், துணைத்தலைவர். இரும்புலியூரில் எங்கள் தெருமுனையில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். கட்டியிருப்பது மழைக்கால்வாயின் மேல். ஏரித் தண்ணீர் போகிற வழியை மூடி, அதன்மேல் தூண் நிறுத்தி, தூணுக்குத் தங்க நிற பெயின்ட் அடித்தார். போன டிசம்பரில் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வீட்டுக்குள் ஏறியது. பிரிட்ஜ் பிளக் மூழ்கியது தெரியாமல் அம்மா சமையலறையில் கால் வைத்தாள். கரண்ட் அடித்து அங்கேயே போய்விட்டாள். என் அம்மா ஞானம்மாளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

அடக்கத்தன்று சுகுமார் அதே மண்டபத்தில் எழுபது பேருக்குச் சாப்பாடு போட்டார். நானும் சாப்பிட்டேன். ஞாயிறு பூசையில் அவருக்கு நன்றி சொன்னார்கள்; நானும் தலையாட்டினேன். பிறகு மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. "அவரு தங்கமான மனுஷன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லார் குடிலிலும் பழுப்புத்தாள் மலை இருக்கும், எல்இடி நட்சத்திரம் இருக்கும், மோட்டார் வைத்த அருவி இருக்கும். அந்த அருவியைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சுவிட்சைப் போட்டால் விழும், அணைத்தால் நிற்கும். தண்ணீர் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நம்பித்தானே கால்வாயை மூடுகிறார்கள்.

எனக்கு ஆர்.ஓ. குடிநீர் மெஷின் சர்வீஸ் பார்க்கிற வேலை. மோட்டாரும் டியூபும் கைக்குப் பழகியவை. எங்கள் தெருவையே குடிலாகச் செய்தேன். மேலே ஏரி, நடுவே கால்வாய், அதை அடைத்துக்கொண்டு தங்கத் தூண் மண்டபம். எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுத்தொழுவம். வீடுகள், மாடு, சூசையப்பர், மாதா, தீவனத்தொட்டி, அதில் பாலன் இயேசு என்று எல்லாவற்றையும் எம்சீல் வைத்து ஒட்டினேன். மண்டபத்தை மட்டும் ஒட்டவில்லை.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கோயில் வளாகத்தில் குடில்களை வரிசையாக வைத்தோம். பங்குச் சாமியார் வந்தார், கூடவே சுகுமார், அவர் மனைவி செல்வமேரி, பின்னால் பங்கு மக்கள்.

"ஏம்மா ஜீவிதா, நைட்டு பூசைலதான பாலன வெப்போம்? அதுக்குள்ள வெச்சிட்டியே?" என்றார் சாமியார்.

"வெள்ளம் டைம் பாத்தா வருது ஃபாதர்?"

சுகுமார் தங்கத் தூணைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனாலும் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை, சிரித்தார். "நம்ம மண்டபத்தையே செஞ்சிகீதே பாரு! டேலன்ட்டுமா உனக்கு!" சுவிட்சைப் போட்டுக் குடிலைத் தொடங்கிவைப்பது நடுவர் வழக்கம். போட்டார்.

ஏரி நிரம்பிக் கால்வாயில் இறங்கியது. மண்டபத்தில் முட்டித் திரும்பித் தெருவுக்குள் வந்தது. தொழுவத்தில் நுழைந்து மாட்டின் காலை மூழ்கடித்தது.

"சூப்பர் டெக்னாலஜி. போதும்மா, ஆஃப் பண்ணு" என்றார் சுகுமார்.

"நீங்கதான சார் போட்டீங்க."

அவர் சுவிட்சைத் தட்டினார், மறுபடி தட்டினார். போட்டால் அணையாதபடி நான்தான் வயர் கொடுத்திருந்தேன்.

"மழைக்கு ஆஃப் சுவிட்ச் கெடையாது சார்."

"ஐயோ, பாலன்! பாலனைத் தூக்குங்களேன்!" என்று கத்தினார் பக்கத்துக் குடில்காரி எப்சி அக்கா. சுகுமார் பாலனைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தொட்டியை இழுத்தார். அதுவும் வரவில்லை.

"அது வராது சார். மண்டபம் வரும். எடுத்துட்டீங்கன்னா தண்ணி போயிடும்."

அவர் கை மண்டபம் வரை போய் நின்றது. எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பங்கு முழுக்க அந்தக் கையையே பார்த்தது. தண்ணீர் பாலனின் கன்னத்துக்கு வந்தது, மூக்குக்கு வந்தது. ஒரு விளையாட்டு மண்டபத்தை எடுக்கக்கூட அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. தண்ணீர் முகத்தை மூடியது. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த நிமிஷம் என் வயிறு குளிர்ந்தது.

செல்வமேரிதான் புருஷனின் கையைத் தட்டிவிட்டு மண்டபத்தை எடுத்தார். தண்ணீர் ஒரே ஓட்டமாகக் கால்வாயில் இறங்கிக் கீழே இருந்த பக்கெட்டில் கொட்டியது. பாலனின் முகம் வெளியே வந்தது.

"ஞானம்மா அக்காவும் இப்டித்தான..." என்றவர் முடிக்கவில்லை. சொட்டச் சொட்ட மண்டபத்தைப் புருஷன் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

சுகுமாரின் வெள்ளைச் சட்டையில் தண்ணீரில் கரைந்த தங்க பெயின்ட் வழிந்தது. மண்டபத்தை எங்கே வைப்பது என்று குடிலைப் பார்த்தார். கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் வீடுகள். அதற்கென்று நான் எங்கேயும் இடம் விட்டிருக்கவில்லை.