நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல்

"என்ன தூவா, உன் சிவப்புக் கிழவிக்கு இன்னும் இளைப்பு தீரலையா?"

கூடத்தின் பெரிய கதவைத் தள்ளித் திறந்தபடி ஸ்தூரெ கேட்டான். சாஸேஜ் புரட்டும் இடுக்கி கையிலேயே இருந்தது.

"நீ முதல்ல உன் அடுப்பைப் பாரு. கருகற வாடை பாலம் வரைக்கும் வருது," என்றாள் தூவா. தன் பழைய சிவப்புக் காரை மெதுவாக உள்ளே கொண்டுவந்து, முன் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தினாள்.

வட ஸ்வீடனில் சொலெஃப்தியோ ஊருக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருந்த பழைய மர ஆலையின் கொட்டகைதான் எங்கள் கார் சங்கத்தின் கூடம். ஏப்ரல் கடைசியில், குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய சரளையைக் கூட்டுவதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை அவரவர் காரைக் கொண்டுவந்து பலம் பார்ப்போம். சக்கரம் உருளையின் மேல் சுழலும், கார் நகராது. எஞ்சின் சுற்று ஏற ஏற, பலமும், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் அழுத்தமும் திரையில் இரண்டு கோடுகளாக எழும். அழுத்தத்தைத் திரை 'பார்' என்ற அளவில் காட்டும். அந்தத் திரையும், எஞ்சினுக்கு முன்னால் வைக்கும் பெரிய மின்விசிறியும் என் பொறுப்பு.

தூவாவின் அப்பா ஹெல்மர் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கி, நேராகக் காப்பி மேசைக்குப் போனார். பேருந்துப் பணிமனையில் ஆயுளைக் கழித்த மனிதர். எங்கள் எல்லோருடைய காரிலும் ஏதாவது ஒரு மூலையில் அவர் கைபட்ட நட்டு இருக்கும். முடுக்கி முடித்ததும் நட்டின் மேல் பச்சை வண்ணத்தில் ஒரு கோடு இழுப்பார். பிறகு அது தானாகத் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அவருடைய மகன் மோன்ஸ் இதையே தன் காதலியின் சிவப்பு நகப்பூச்சால் செய்துகொண்டிருந்தான்.

கார் மோன்ஸ் கட்டியது. நாலு கதவுக் குடும்பக் காரில் டர்போ எஞ்சினைப் பொருத்திவிட்டு, "ஆறாயிரம் சுற்று வரைக்கும் ஒரு பார் அழுத்தம் அசையாம நிக்கும், பாத்துக்கோங்க" என்று எங்களிடம் சவால் விட்டிருந்தான். உருளையில் ஏற்றிக் காட்ட அவனுக்கு வாய்க்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு மாலை, மோட்டார்சைக்கிளில் வேலையிலிருந்து திரும்பும்போது, காட்டிலிருந்து ஒரு எல்க் மான் சாலைக்கு ஏறியது. கார் தங்கைக்கு வந்தது.

அண்ணன் சொன்ன அந்த நேர்கோட்டைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது தூவாவின் ஆசை. மிச்சமிருக்கும் ஒரு பிள்ளை மாலையில் வீடு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர ஹெல்மருக்கு வேறு ஆசை கிடையாது. தூவா வேகமாக ஓட்டுவாள். அது ஊருக்கே தெரியும்.

நான் விசிறியைப் போட்டேன். தூவா மிதித்தாள். அழுத்தக் கோடு மூவாயிரத்தில் ஒரு பாரைத் தொட்டு மேசை போலக் கிடந்தது. நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் சரியத் தொடங்கி, ஆறாயிரத்தில் பாதிக்குப் பக்கமாக வந்துவிட்டது. போன வருடமும் இதே கோடுதான்.

"குழாய்ல எங்கயாவது ஒழுகுதா?" என்றேன்.

"குளிர்காலம் பூரா தேடியாச்சு, யோத்தெ மாமா. ஒழுகல. காத்து வடிகட்டி புதுசு. புகைக்குழாயை அகலமாக்கியாச்சு. காத்தைக் குளிர வைக்கற கூலரும் பெருசு போட்டாச்சு. எல்லாம் அப்பா சொல்லித்தான்."

"அப்ப டர்போதான் சின்னது. மேல போகப் போக அதால காத்தைத் தள்ள முடியல," என்றான் ஸ்தூரெ. "என்னை மாதிரி. மாடிப்படி வரைக்கும் வருவேன், மேல ஏறச் சொன்னா உக்காந்துடுவேன்."

"அதான் பெரிய டர்போ வாங்கப் போறேன். இந்த இடத்துல உக்காருமான்னு மட்டும் அளந்து சொல்லு யோத்தெ மாமா. மோன்ஸோட பனியில ஓட்டற ஸ்கூட்டரை வித்துடலாம்னு இருக்கேன்."

ஹெல்மரின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "ஸ்கூட்டரை எதுக்கு விக்கணும்?"

"பின்ன? டர்போ தேஞ்சிருக்கும்னு நீதானப்பா சொன்ன?"

"சொன்னேன். அதுக்கு இப்ப என்ன அவசரம்? இன்னொரு தடவ குழாயெல்லாம் பாத்துடுவோமே."

நான் அதற்குள் பானெட்டைத் திறந்து, டர்போவை மூடியிருந்த வெப்பத் தகட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

"அதைத் தொடாத யோத்தெ. கொதிக்குது."

"கையுறை போட்டிருக்கேன்."

"அதையெல்லாம் நான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல!"

ஹெல்மர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் தகடு கையோடு வந்துவிட்டது.

டர்போவின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அழுத்தம் அளவுக்கு மீறினால் அது திறந்து, புகையை வேறு வழியே வெளியே விடும். அதை மூடிப் பிடித்திருப்பது ஒரு கம்பி. கம்பியின் இறுக்கத்தை ஒரு நட்டு தீர்மானிக்கிறது. அந்த நட்டில் மோன்ஸின் சிவப்புக் கோடு இருந்தது. நட்டில் பாதி, கம்பியில் பாதி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. யாரோ அதை முக்கால் சுற்று தளர்த்தியிருந்தார்கள். இறுக்கம் குறைந்த கதவு நடு வேகத்தில் எப்படியோ தாக்குப்பிடிக்கும். புகை பெருகியதும் திறந்துகொள்ளும், அழுத்தம் சரிந்துவிடும்.

தளர்த்திய இடத்தில் நட்டின் குறுக்கே, அளவெடுத்தது போல நேராக, ஒரு பச்சைக் கோடு.

திருட்டுத்தனமாகச் செய்த வேலைதான். ஆனாலும் ஒரு நட்டைக் கோடு போடாமல் விட்டுவிட்டு எழுந்து வர ஹெல்மரின் கைக்குத் தெரியவில்லை.

தகட்டை மறுபடி வைத்துவிடலாமா என்று நினைத்தேன். தூவாவின் கைவிளக்கு ஏற்கெனவே அங்கே விழுந்திருந்தது. அவள் குனிந்தபடியே கேட்டாள்.

"எப்பப்பா?"

ஹெல்மர் கோப்பையை மேசையில் வைத்தார். "நீ அந்த மர லாரியை முந்தினியே, அதுக்கு மறுநாள். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எதிர்ல வந்தவன் லைட்டைப் போட்டுப் போட்டுக் காட்டினான். நீ சிரிச்ச."

"அதுக்கு?"

"மோன்ஸும் அப்படித்தான் சிரிப்பான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"எத்தனை தடவ சொன்னேன். நீ ரேடியோவைச் சத்தமா வெச்ச."

"யாருக்காவது காப்பி..." என்று ஆரம்பித்த ஸ்தூரெ, யாரும் திரும்பாததால் இடுக்கியோடு வெளியே போய்விட்டான்.

"சனிக்கிழமை தவறாம ஷெட்டுல நின்னோம்," என்றாள் தூவா. "நீ குழாய் மேல சோப்புத்தண்ணி அடிப்ப. நான் மூஞ்சியை ஒட்டி வெச்சு, எங்க நுரை வருதுன்னு தேடுவேன். வராதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா அடிச்ச?"

"அந்த நேரத்துல நீ ரோட்டுல இல்லம்மா. என் கண்ணு முன்னால இருந்த."

அவள் பானெட்டுக்குள் ஊன்றியிருந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் மசி ஏறியது.

"எனக்கு எது வலிக்குது தெரியுமா? இத்தனை நாளும் மோன்ஸ்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பெருசா பேசிட்டுச் சரியா கட்டாம போயிட்டான்னு. ஒரு நாள் ஷெட்டுல அவனைத் திட்டக்கூட செஞ்சேன். நீ பக்கத்துலதான் நின்ன. ஒண்ணும் சொல்லல."

 

தூவா என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி, சிவப்புக் கோட்டின் இரு பாதிகளும் சேரும்வரை நட்டைத் திருப்பினாள். வேறு எதையும் மாற்றவில்லை. தகட்டை நான் பூட்டினேன். அவள் ஏறி மிதித்தாள்.

கோடு ஒரு பாரில் ஏறி அப்படியே போனது. நாலாயிரத்து ஐந்நூறு. ஐயாயிரம். ஆறாயிரம் வரை ஒரு மயிரிழை இறங்கவில்லை. உருளை நாளில் நல்ல கோடு வந்தால் கைதட்டுவது எங்கள் வழக்கம். தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர், நடந்தது தெரியாமல், வாசலிலிருந்து இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திக்கொண்டார்.

திரையைப் பார்த்துவிட்டு தூவா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். அவள் எழும்வரை நான் விசிறியை அணைக்காமல் ஓடவிட்டேன்.

பிறகு காரைப் பின்னால் எடுத்து, முற்றத்தில் நின்றிருந்த ஹெல்மரின் பக்கத்தில் நிறுத்திப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"ஏறுப்பா. வீட்டுக்குப் போகலாம்."

அவர் திறந்த கதவைப் பார்த்தார். "நான் யோத்தெயோட வரேன்."

"மெதுவாத்தான் போவேன்."

"தெரியும். நீ போ."

தூவா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டாள். வளைவு வரை மெதுவாகத்தான் போனாள். வளைவுக்கு அப்பால், ஆற்றை ஒட்டிய நேர்ச்சாலையில் எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அதற்கு மேல் டர்போவின் மெல்லிய சீழ்க்கை. கியர் மாறியது. மறுபடி உயர்ந்தது.

ஹெல்மர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழுத்தம் நிக்குது," என்றார். "மேல வரைக்கும் நிக்குது. நல்லாத்தான் கட்டியிருக்கான்."

சத்தம் தேய்ந்து போனது. ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் கேட்டது. நான் அவருடைய மேலங்கியை எடுத்துவந்து தோளில் போட்டேன்.

"வா, கொண்டு விடறேன்."

"இரு," என்றார், சாலையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். "வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பா, இல்ல?"