பெட்டிக்குள் புகுந்த ஈரம்

உச்சிப்புளியைத் தாண்டி, கடற்காற்று ஓயாமல் வீசும் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லாமியா மூன்று வாரமாக ஒரு வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு அது. நொடியைக் கோடியாகப் பிளந்து, அந்தத் துணுக்கை மறுபடி லட்சமாகப் பிளந்தாலும் அதைவிடச் சிறியது.

அதன் நிறங்களை விசிறியாக விரித்து, ஒரு படிகத்துக்குள் ஓடும் ஒலியலையில் மோதவிட்டு, எந்த நிறம் முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்று அவள் வகுப்பாள். அப்படி வடிவம் பெற்ற துடிப்பு புரதத்தைத் தொட்டால், அதன் அணுக்கள் நடுங்குவது திரையில் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. வழுவழுவென்று எழ வேண்டிய கோட்டில் பல் பல்லாக வெட்டுகள் விழுந்தன. காற்றின் ஈரம் அந்த வெளிச்சத்தைத் தின்றது. ஈரம் அண்டக் கூடாதென்றே கருவியைப் பெட்டியில் அடைத்து உலர்ந்த நைட்ரஜனை நிரப்பியிருந்தாள். ஆனாலும் எங்கோ கசிவு. எந்த இடுக்கு என்றுதான் பிடிபடவில்லை.

ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு வீடிருக்கும் புதுமடத்துக்குத் திரும்பும் வழியில், கண் சொக்கும் ஒரு பிற்பகலில், அவளைப் பெற்ற உம்மா நஃபீசா உள்ளே வந்தாள்.

"வெளிச்சம் வெளிச்சம்னியே, எங்கன இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாது உம்மா. அந்தப் பெட்டிக்குள்ள ஓடுது. சரியாத்தான் வர மாட்டேங்குது."

நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காய்ச்சல்கார மகளுக்கு ஓதுவதுபோல் உதடசைய ஓதி, பெட்டியைச் சுற்றி வந்து மூலைக்கு மூலை ஊதினாள். பின்பக்கத்து மூலையில் ஊதியபோது திரையில் பற்கள் சட்டென்று ஆழமாயின.

"உம்மா! அங்கனயே இன்னொரு தடவ ஊதுங்க!"

"ஏன் புள்ள, தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல, ஊதுங்க!"

மறுபடியும் அதே ஆழம். மூச்சின் ஈரம் அங்கேதான் உள்ளே புகுகிறது. கேபிள் நுழையும் துளையில் ரப்பர் சுருங்கி, மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. லாமியா அதைப் பசை பூசி அடைத்தாள்.

பிறகு காத்திருப்பு. நைட்ரஜனின் மெல்லிய சீறலில் நஃபீசா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். பற்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. தானே அந்தக் கோட்டின் மேல் மிதப்பதுபோல் இருந்தது லாமியாவுக்கு. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துடிப்புகள் வேண்டுமென்று கணினியில் எழுதிக் கருவிக்கு அனுப்பினாள். கேட்ட இடைவெளியில் இரண்டும் வந்தன. அவற்றைப் புரதத்தின் மேல் விட்டாள். வெறுமையாகக் கிடந்த திரையில் சிவப்பும் நீலமுமாய் இரண்டு திட்டுகள் மெல்ல ஊறி எழுந்தன.

நஃபீசா விழித்துப் பார்த்தாள். "இது என்னது?"

"புரதம் நடுங்குது உம்மா."

"பாவம், குளிருதா அதுக்கு?"

லாமியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.