வீட்டு ஆள் படிக்கக் கூடாது

வந்திருந்தவர்கள் ஆறு பேர். கதவோரம் பிராங்கிளின், தொண்டைத் துளையில் சளி கட்டினால் சட்டென்று எழுந்து வெளியே போக வேண்டும் என்பதால் அவருக்கு எப்போதும் அந்த இடம்தான். மின்விசிறிக்கு நேர் கீழே மஜீது. பக்கத்தில், அவருடைய அசையாத வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மனைவி ரஹீமுன்னிசா. மேசையின் தலைப்பக்கம் செங்கொடியின் சக்கர நாற்காலி. மற்ற பக்கங்களில் மேசைக் கால் இடிக்கும். மூலையில் பம்ப் ஸ்டவ்வுக்கு முன்னால் குத்துக்காலிட்டு அவளுடைய அம்மா பூவம்மா. செங்கொடிக்கு இடப்பக்கம், ஜன்னலைப் பார்த்தாற்போல, மினிட்ஸ் நோட்டோடு அவளுடைய அப்பா ஜெயவேல். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதி முடித்த பிறகுதான் ஜெயவேல் தேதியும் நேரமும் போடுவார். பொன்னேரிப் பள்ளியில் படித்த காலத்தில் படிந்த பழக்கம். தொழிற்சங்கத்தில் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்து அது இன்னும் இறுகிப்போயிருந்தது.

பேச்சு வராதவர்களும் பேச்சை இழந்தவர்களும் கூடுகிற கூட்டம் அது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மூன்று மணிக்கு, திருவொற்றியூரில் ஜெயவேலின் பழைய சங்க அலுவலகத்தில். கம்பெனியில் ஆள் குறைத்துக் குறைத்துச் சங்கத்துக்குக் கூட்டமே இல்லாமல் போய், சாவி மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. வாசற்படியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு எம்.கே.பி. நகர் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்த நாற்காலியை ஏற்றுவார்கள். பேசுவதற்கு அங்கே ஆளுக்கொரு வழி. துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டிய பிராங்கிளினுக்குப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். டார்ச் லைட் மாதிரி ஒரு மிஷினைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் வண்டு ரீங்கரிப்பது போல வார்த்தை வரும். வாதம் வந்து வாய் அடைத்துப்போன மஜீதுக்குப் படங்கள் ஒட்டிய ஒரு கோடு போட்ட நோட்டு. செங்கொடிக்கு எழுத்துத் தகடு. கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டில் மெய்யெழுத்துகளை இடப்பாதியிலும் உயிரெழுத்துகளை வலப்பாதியிலுமாக ஜெயவேலே எழுதியது. இருவர் முகத்துக்கும் நடுவே அதைப் பிடித்தால் அவள் பார்க்கிற எழுத்தை எதிரே இருப்பவர் அவள் கண்ணை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சரியென்றால் கண் மேலே போகும். இல்லையென்றால் மூடிக்கொள்ளும். பிறக்கும்போதே மூச்சுத் திணறி, கழுத்துக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்காத இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சொன்னபடி கேட்பவை அந்தக் கண்கள் மட்டும்தான்.

போன கூட்டத்தில் ரஹீமுன்னிசா ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, கால் வீக்கம். நாளைக்கு அவள் கண்ணை மூடிவிட்டால் மஜீதின் நோட்டைப் படிக்க ஒரு ஆள் கிடையாது. அதனால் இனிமேல் கூட்டத்தில் வீட்டு ஆள் வீட்டு ஆளுக்குப் படிக்கக் கூடாது, மாற்றி மாற்றிப் படித்துப் பழக வேண்டும் என்றாள். நியாயம்தான் என்று ஜெயவேலும் கையைத் தூக்கியிருந்தார். இன்றைக்கு அது முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. மஜீதின் நோட்டைப் பூவம்மா எடுத்தாள். அவர் விரல் முதலில் மனைவியின் போட்டோவைத் தொட்டது, அடுத்து இடி மின்னல் படத்தை. பூவம்மா வாய் விட்டுச் சிரித்தாள். "பாய், இதுக்கு நோட்டு எதுக்கு, தெருவே சொல்லுதே" என்றாள். ரஹீமுன்னிசா அவர் கையை மடியிலிருந்து எடுத்துக் கீழே விடுவதுபோலப் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

செங்கொடியின் தகட்டைப் பிராங்கிளின் எடுத்தார். பின்பக்கத்திலிருந்து எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரியும், கொஞ்சம் சிரமம் என்று ஜெயவேல் எச்சரித்தார். பிராங்கிளின் மிஷினைத் தாடையில் வைத்தார். "நாப்பதடி ட்ரெய்லர கண்ணாடி பாத்து ரிவர்ஸ் எடுத்தவன் அண்ணாத்தே. இதுவா பேஜாரு?"

கூட்டத்தில் பேச வேண்டிய மூன்றாவது பொருளாக ஒரு கடிதம் இருந்தது. நகரத்தின் தென்கோடியில் ஓர் அறக்கட்டளை. இவர்களைப் போன்றவர்களின் கூட்டங்கள் பலவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடுத்த மாதம் பெரிய கூட்டம் நடத்துகிறது. கண் போகும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக் குரலாகச் சொல்லும் கம்ப்யூட்டர் ஒன்றை இந்த அறைக்குத் தருவதாக அது சொல்லியிருந்தது. காரணம் செங்கொடியின் கடிதங்கள். இரண்டு வருடத்தில் மூன்று கடிதங்கள் போயிருந்தன. அங்கே எல்லோரும் படித்துக் கண்கலங்கினார்களாம். நாலாவது கடிதத்தை மேடையில் வாசிப்பார்கள், செங்கொடி பக்கத்தில் அமர்ந்திருந்தால் போதும். ஜெயவேல் அதை எழுதி மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். விதிப்படி பிராங்கிளின்தான் வாசித்து அவளுடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும்.

"என் மௌனத்தின் அடியில் ஒரு கடல் புரள்கிறது" என்று அது தொடங்கியது. அந்த மிஷின் குரலில் கடலும் மௌனமும் அலையும் ஒரே சுருதியில் வந்தன. "அந்த அலைகளை உங்கள் காதுகளில் சேர்க்கும் என் அருமைத் தந்தைக்கு" என்ற இடத்தில் ஜெயவேல் நோட்டைப் பார்த்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் சரியா என்று பிராங்கிளின் கேட்டார். செங்கொடி கண்ணை மூடினாள்.

களைப்பாக இருக்கும், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் ஜெயவேல். பிராங்கிளின் அவரைத் திரும்பிப் பார்க்காமல் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். வெளியே எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை நகர்ந்து நின்றது, நகர்ந்து நின்றது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ஒரு எழுத்து, அடுத்த எழுத்து. ஏழு நிமிடம் ஆயிற்று. பிராங்கிளின் மொத்தமாகச் சேர்த்துச் சொன்னார்.

"இத நான் எழுதல."

எழுதியது நான்தான், கருத்து அவளுடையது என்று ஜெயவேல் சொன்னார். கருத்தை நல்ல தமிழில் வைப்பது ஒரு குற்றமா என்றும் கேட்டார். சங்கத்தில் பட்டறை ஆட்கள் கொச்சையாக வந்து சொன்னதையெல்லாம் அவர்தான் கோரிக்கை மனுவாக ஆக்கினார். ஒருவர்கூட என் வாயில் வராததை எழுதினாய் என்று கேட்டதில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அவர் நினைவுக்கு வந்தது. முதல் கடிதத்துக்கு அவள் தகட்டில் காட்டியது மூன்றே சொல்: பஸ், ஏற, முடில. அதை ஒரு பக்கமாக விரித்து, கஞ்சி ஊட்டிக்கொண்டே வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். கண் மேலே போனது. அங்கே வீட்டில் அவள் தலைக்கு மேலே மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைத் தன் நோட்டில் "ஒப்புதல் பெறப்பட்டது" என்று எழுதினார். மூன்றாவது கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டவே இல்லை. அதற்கும் அதே வரிதான்.

ரஹீமுன்னிசா எழுந்து வந்து நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபமில்லை, பயம்தான். மஜீதுக்கு இடது கையும் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. விரல் எந்தப் படத்தில் நிற்கிறது என்று இப்போதே சந்தேகம். கண்ணால் பேசுகிற மிஷின் வந்தால் அவருக்கும் ஒரு வழி பிறக்கும்.

"ஒரு தபா மட்டும் சரின்னு சொல்லுமா. மிஷின் வந்துரட்டும். அப்பால நீ இன்னா வேணா சொல்லிக்க. யாரு கேக்கப்போறா?"

செங்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தகட்டைப் பார்த்தாள். இந்த முறை பன்னிரண்டு நிமிடம். நடுவில் உடம்பு முறுக்கிக்கொண்டு தலை ஒரு பக்கம் போய்விட்டது. பூவம்மா டீயை இறக்கி வைத்துவிட்டு வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து பாதியில் நின்றபோது அடுத்த சொல் இன்னதென்று ஜெயவேலுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார். பிராங்கிளின் தகட்டைப் பிடித்த கையை எடுக்காமல் மற்றக் கையின் விரல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஜெயவேல் வாயை மூடிக்கொண்டார். அவர் நினைத்த சொல் வரவில்லை.

"மிஷின் வந்தா அதுலயும் நைனாதான் பேசும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. மினிட்ஸ் நோட்டில் ஜெயவேலின் பேனா இருந்த இடத்தில் மை ஊறிப் பெரிய புள்ளி ஆகிவிட்டது. இதை எழுத வேண்டுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. பதில் பூவம்மாவிடமிருந்து வந்தது. மகளின் தலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"மேனேஜரு உன்ன திட்டுனதையே வரி மாறாம எழுதிக்கினு வந்து வூட்ல படிச்ச ஆளு நீ. இத எழுத மாட்டியா?" கொஞ்சம் நிறுத்தி, "கடல்ன்னு எழுதிக்கீறியே. பீச்சுக்கு இட்டுகினு போன ரெண்டு தபாவும் சக்கரம் மண்ணுல மாட்டிக்கினு அது அழுத அழுகை உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். நானும் வாய மூடிக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

செங்கொடி சொன்ன இரண்டு வரிகளையும் ஜெயவேல் நோட்டில் எழுதினார். பிறகு நீள வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். நாலாவது கடிதத்தை அவளே சொல்லட்டும் என்றார். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பிராங்கிளினுக்குக் கை வலித்து இரண்டு தடவை மாற்றிக்கொண்டார். ஒரு தடவை இருமல் வந்து வெளியே போய் வந்தார். அந்த நேரமெல்லாம் செங்கொடி விட்ட எழுத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். முடிந்ததும் ஜெயவேலின் கை தானாகவே கீழே "பணிவன்புடன்" என்று போட்டுவிட்டது. பிராங்கிளின் அதையும் சேர்த்து வாசித்தார். கண் மூடிக்கொண்டது. ஜெயவேல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதினார்.

"வணக்கம். முன்னாடி வந்த மூணு லெட்டரும் நைனா எழுதினது. எனக்குக் கடல் புடிக்காது. மிஷின் எங்க எல்லாருக்கும் வேணும். மஜீது பாய்க்கு சீக்கிரம் வேணும். நான் மேடைக்கு வரேன். நானே சொல்றேன். நேரம் ஆவும். வெயிட் பண்ணுங்க. செங்கொடி."

அவருடைய ஆயுளில் இவ்வளவு சின்னக் கடிதம் அவர் எழுதியதில்லை. இதை வாசித்துவிட்டு அங்கே என்ன முடிவெடுப்பார்கள் என்று யோசிக்க யோசிக்க, பக்கத்திலேயே விளக்கமாக ஒரு குறிப்பை வைத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. முகவரி எழுதினார். கோந்து தடவி மடித்தார். பழைய கோந்து, ஒட்டாமல் மடிப்பு எழும்பி எழும்பி வந்தது. பூவம்மா கவரை நாற்காலியின் கைப்பலகையில் வைத்து, அதன்மேல் மகளின் வலது கையைத் தூக்கி வைத்தாள். பிறந்ததிலிருந்து விரியாத முஷ்டி. கல் போல அது மடிப்பின்மேல் உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுத்தாப்புலதான தபால் பெட்டி. பஸ்ஸுக்கு நாங்க அந்தப் பக்கந்தான் போறோம். குடுங்க" என்றாள் ரஹீமுன்னிசா.

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. பிராங்கிளின் தரையைப் பார்த்தார். நானே போட்டுவிட்டு வருகிறேன் என்று ஜெயவேல் பாதி எழுந்தார். செங்கொடி அவரைப் பார்த்துக் கண்ணை மூடினாள். பிறகு ரஹீமுன்னிசாவைப் பார்த்தாள். கண் மேலே போனது. அந்த அறையில் மின்விசிறி மஜீதின் நாற்காலிக்கு மேலே இருந்தது. அவளுடைய தலைக்கு மேலே வெறும் கூரைதான்.

ரஹீமுன்னிசாவும் மஜீதும் கவரோடு பலகையில் இறங்கிப் போனார்கள். ஜெயவேல் நோட்டை எடுத்து, "கடிதம் அனுப்பப்பட்டது" என்று எழுதப் போனவர், "கடிதம் ரஹீமுன்னிசாவிடம் கொடுக்கப்பட்டது" என்று எழுதினார். தலையைத் தூக்கினால் ஜன்னல். லாரிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. தூசி படிந்த சிவப்புப் பெட்டிக்கு முன்னால் மஜீது நின்றிருந்தார். கவர் அவருடைய இடது கையில் இருந்தது. பெட்டியின் வாயை நோக்கிப் போன கை நடுங்கி, விளிம்பில் இடித்து விலகி, மறுபடி போனது. ரஹீமுன்னிசா இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்குப் போகவில்லை. அதற்குள் ஒரு நாற்பதடி ட்ரெய்லர் நகர்ந்து வந்து, ஜன்னல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.