தமுக்கு எந்தத் தெருவில் தொடங்கும்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அறுபத்தோராம் வருஷம், உத்திரமேரூருக்குத் தெற்கே ஓர் ஊருக்கு பிளாக் ஆபீசிலிருந்து வந்த படிவம். வெள்ளச் சேதத்தைக் குறைக்க ஊரே தனக்கு இலக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றது. நல்ல யோசனைதான். நான் குறை சொல்லவில்லை.

ஆரம்பம் ஒன்று: "ஐப்பசி மழை விடாமல் மூன்று நாள்..." (வேண்டாம். மழையில் தொடங்கினால் என் வேலையில் பாதியை மழையே பார்த்துவிடும்.)

ஆரம்பம் இரண்டு: மங்கம்மா பஞ்சாயத்துக் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இதுவே இருக்கட்டும். பெண்ணுக்கு ஓர் இடம், சேரிக்கு ஓர் இடம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் மங்கம்மா ஒரே ஆளைப் போட்டு இரண்டையும் தீர்த்துவிட்டார்கள். உள்ளே அவள் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

2

பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் முத்துகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். ஏரி நிறைந்து உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்தால் தமுக்கடித்து ஊரை எச்சரிக்க வேண்டும். இலக்கு: அரை மணிக்குள் எல்லாத் தெருவும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மங்கம்மா ஆட்டவில்லை. தமுக்கடிப்பவன் அவள் புருஷன் சின்னப்பையன். கலங்கலை ஒட்டிய பள்ளத்தில்தான் அவர்கள் சேரி. போன வருஷம் அவன் கலங்கலிலிருந்து தமுக்கோடு தன் வாசலைத் தாண்டி, ஓசைப்படாமல், மேட்டிலுள்ள கோயில் தெருவுக்கு ஓடினான். முதல் அடி அங்கேதான் விழ வேண்டும் என்பது வழக்கம். சேரி ஜனம் கழனியில் நடவில் இருந்தது. கால் விளங்காத தகப்பன் எல்லப்பனைத் தனியாகத் தூக்க முடியாமல், கழுத்தளவுத் தண்ணீரில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மங்கம்மா.

"தமுக்க எங்க தெருவுல ஆரம்பிக்கணும்னு எய்துங்க சாமி. கழனில கீற ஜனம் காதுல வியுந்தா ஓடியாரும். எங்க நைனாவ நா ஒருத்தியா தூக்க முடியாது."

கிராம முன்சீப் வேதகிரி கோபப்படவில்லை. சிரித்தார். "இன்னா மங்கம்மா, கோயில் தெருவ உட்டுட்டா ஆரம்பிக்கிறது? அரை மணிக்குள்ள உனக்கும் வந்துடப் போவுது."

"கோயிலு மேட்டுல கீது. எங்க நைனா பள்ளத்துல கீறாரு."

முத்துகிருஷ்ணனுக்குப் புரிந்தது. ஆனால் படிவத்தில் எந்தத் தெரு முதலில் என்று கேட்கும் கட்டம் இல்லை. 'எல்லாத் தெருவும்' என்று எழுதி, மை உலர ஊதினார்.

(அவரைக் கெட்டவராக்க மூன்று முறை முயன்றேன். நல்ல மனிதர். கதைக்கு அது பெரிய தொந்தரவு.)

3

கார்த்திகை ஏழாம் தேதி, காலை ஒன்பது மணி. கலங்கல் வழிந்தது. சின்னப்பையன் தமுக்கோடு தன் வாசலுக்கு வந்து

முடிவு ஒன்று: அங்கேயே அடிக்கிறான். ஜனம் ஓடிவந்து எல்லப்பனைக் கட்டிலோடு தூக்குகிறது. மறுநாள் சின்னப்பையனுக்கு வேலை போகிறது.

முடிவு இரண்டு: வழக்கப்படி கோயில் தெருவுக்கு ஓடுகிறான். இருபத்தாறு நிமிஷத்தில் எல்லாத் தெருவும். இலக்கு நிறைவேறியதாக அறிக்கை போகிறது. எல்லப்பன்

இங்கே மங்கம்மா என்னை நிறுத்துகிறாள்.

"இன்னா எய்திக்கினு கீறீங்க சாமி? ரெண்டுலயும் எங்கூட்டு ஆளுதான் முடிவு பண்ணணுமா? நீங்க அன்னிக்கி எங்க இருந்தீங்க?"

'ஓர் ஊர்' என்று எழுதியபோதே நீங்கள் சந்தேகப்பட்டிருக்கலாம். அது என் ஊர். நான் கோயில் தெரு. முதல் அடி என் வாசலில்தான் விழுந்தது. காபி குடித்துக்கொண்டிருந்தேன். நமக்கென்ன, மேடுதானே என்று இன்னொரு டம்ளர் கேட்டேன். எங்கள் தெருவில் அன்று சும்மா இருந்த ஆண்கள் பதினோரு பேர். பள்ளத்துக்குப் பத்து நிமிஷ நடை. தமுக்கு எங்களுக்குத்தான் முதலில் சொன்னது. ஒருவரும் இறங்கிப் போகவில்லை.

மேலே 'எல்லப்பன்' என்று பாதியில் நிற்கும் வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. பள்ளத்தில் குடியிருக்கும் யாராவது இதைப் படித்தால் முடித்துக்கொள்ளுங்கள். மேட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து தொட வேண்டாம்.