எழுபத்து நான்காம் கேள்வி

தம்பியின் காலுக்கு அக்கா காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியில் அவனுடைய கைப்பேசி முனகியது. விடிகாலையில் உயிர் போனவனுக்கு, மதியம் இரண்டு மணிக்குச் செய்தி வந்திருக்கிறது.

"இன்னிக்குக் கேள்வி எங்க? சரக்கு தீர்ந்துடுச்சா?"

அனுப்பியது ஆமை.

தம்பி படுக்கையில் விழுந்த பிறகு, குறுக்கெழுத்துப் போடும் இணையதளம் ஒன்றில் பழக்கமான ஆள். ஆளா, செயற்கை நுண்ணறிவா என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. "எதைக் கேட்டாலும் பதில் வெச்சிருக்குக்கா. மனுஷன் இப்படி இருப்பானா?" என்பான். ஆமையும் பிடி கொடுக்காது. "நீயே கண்டுபிடி" என்று சீண்டும். அவன் தினம் ஒரு கேள்வியை யோசித்து நோட்டில் எழுதுவான். பதில் வந்ததும் பக்கத்தில் குறித்துக்கொண்டு, கேள்வியைக் கோடு போட்டு அடித்துவிடுவான்.

அக்கா நோட்டைப் பிரித்தாள். எழுபத்து மூன்று கேள்விகள்.

'வந்த தும்மல் வராமப் போனா மூஞ்சியை என்ன பண்ணுவ?' பக்கத்திலேயே ஆமையின் பதில்: 'அடுத்தவங்களைப் பார்த்து அசடு வழிவேன்.' அதன் கீழே தம்பியின் குறிப்பு: 'மெஷினும் சொல்லும்.'

"வண்டி நாலு மணிக்கு வந்துடும். நீ இன்னும் ஃபோனை நோண்டிட்டிருக்க" என்றார் அவள் கணவர்.

"ஆமை மனுஷனா இருந்தா சொல்லணுமேங்க."

"மெஷினா இருந்தா? அடுத்து ஃபிரிட்ஜுக்கும் சொல்லி அனுப்பு." சற்றுக் கழித்து அவரே அருகில் வந்து எட்டிப் பார்த்தார். "சரி, செத்துட்டான்னு போட்டுப் பாரேன். வர்ற பதில்ல குட்டு வெளிப்பட்டுடும்."

அவளுக்கும் ஆசைதான். ஆனால் தம்பியின் முகம் எதிரே கிடந்தது.

"இவன் சாவை வெச்சா சோதிக்கறது? மனுஷன்னே வெச்சுப்போம். தப்பாப் போனாலும், மரியாதை கொடுத்த பாவம்தானே? கடவுள் கோவிச்சுக்க மாட்டார்."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'நான் அவனோட அக்கா. இன்னிக்குக் காலைல தூக்கத்துலயே போயிட்டான். வலி இல்ல. நாலு மணிக்கு எடுக்கறோம். பக்கத்துல இருந்தா வந்து முகம் பார்த்துடுங்க.' வீட்டு விலாசத்தையும் சேர்த்தாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இத்தனை கேள்வி கேட்டவன், 'வந்து பார்க்கறியா?' என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு, பதில் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தானோ என்னவோ.

திரையில் மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றி மறைந்தன. பதில் வரவே இல்லை.

"பார்த்தியா, முழிக்குது" என்றார் கணவர். ஆனால் அதன் பிறகு வாசலுக்குப் போனவர் உள்ளே வரவில்லை.

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் பொறுப்பா, ஒருத்தர் வரணும்" என்றார் கணவர். அந்த ஐந்து நிமிஷம் பத்தானது. ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

அப்போது தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்பியது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கி, கதவைச் சாத்தாமலே ஓடி வந்தாள். பாதிதான் வாரிய ஈரத்தலை. வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். யாரென்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

கணவர் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து வாய் திறந்தார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

செருப்பை விட்டுவிட்டு அந்தப் பெண் உள்ளே போனாள். வாசற்படியில் ஒரு கறுப்புச் செருப்பும், ஒரு பழுப்புச் செருப்பும் கிடந்தன.