கத்தாத குஞ்சு

இரண்டு மாதத்தை நெருங்கிய வாத்துக் குஞ்சுகள் எல்லாம் ஒரே நிறம்; ஆண் எது, பெட்டை எது என்று பார்த்துப் பிரிக்க முடியவில்லை. அதனால் அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதருகே பிடித்தான். பிடிபட்ட பயத்தில் உரக்கக் கத்தினால் பெட்டை. முட்டைக்காகப் பட்டியில் தங்கும். தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் ஆண். கறிக்கடைக்காரரின் கூடைக்குப் போகும்.

கடைசியாக மிஞ்சியது தங்கை வளர்த்த குஞ்சு. முட்டைக்குள் சிக்கித் தவித்ததை அவள்தான் ஓடு உரித்து எடுத்து, மடியில் வைத்துத் தீனி ஊட்டினாள். அண்ணன் தூக்கியும் அது பயப்படவில்லை, கத்தவுமில்லை.

"என்னடி, உன் செல்லம் வாயைத் தொறக்கக் கூலி கேக்குதா?"

"அது பெட்டைதாண்ணே. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? கத்தச் சொல்லு. இல்லன்னா கூடைதான்."

அவள் வாங்கித் தட்டினாள், உலுக்கினாள். அது அவள் கக்கத்தில் அலகைச் செருகிக்கொண்டது. வாசலில் கறிக்கடைக்காரர் ஹாரன் அடித்தார். வேறு வழி தெரியாமல், கண்ணை இறுக மூடி, அதன் கால்விரல்களுக்கு நடுவே இருந்த மெல்லிய சவ்வில் நகத்தை அழுத்தினாள்.

குஞ்சு துடித்துக் கத்தியது. கரகரத்துத் தேய்ந்த குரல்.

அண்ணன் கேலி செய்யவில்லை. கூடையின் மூடியைத் திறந்து பிடித்தான். குஞ்சு மறுபடியும் அவள் கக்கத்துக்குள்ளேயே தலையை நுழைத்தது. அவள்தான் பிடித்து இழுத்து உள்ளே விட வேண்டியிருந்தது.