கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரண்டு வெள்ளை உடைகள்

1

இந்தக் கதையை நான் கட்டிலில் படுத்தபடி திருடினேன். கொரோனாக் காலம், நோன்பு மாதம், மன்னார்ப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்று (பெயர் வேண்டாம்). மூக்கில் ஒட்சிசன் குழாய், செய்வதற்கு ஒன்றுமில்லை. எழுதுகிறவனை இப்படிச் சும்மா படுக்கப் போட்டால் அவன் அடுத்தவர் வாழ்க்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று வழமைக்கு மாறாக..." போதும். அந்தக் கட்டிலில் இருந்து கடல் தெரியாது. தெரிந்தது ஒரு கண்ணாடிக் கதவு.

2

றிஸ்மினா எங்கள் வாட்டுத் தாதி. நோன்போடு வேலை செய்தாள். பாதுகாப்பு உடைக்குத் தட்டுப்பாடு. ஒருமுறை கழற்றினால் அன்றைக்கு வேறு கிடையாது. அதனால் நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு சொன்ன பிறகும், வேலை முறை முடியும்வரை அவள் தொண்டையில் தண்ணீர் இறங்காது. கீரி ஊரில் அவள் இருந்த வாடகை வீட்டுக்காரர் வேறு, "ஆசுபத்திரியில இருந்து இஞ்ச வராதேங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் அபூசாலி மௌத்தானார். தினமும் அவருக்குக் கஞ்சி பருக்கியவள் அவள்தான். போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடினாள். பிறகு சிற்றூழியர் லோறன்ஸிடம், "எனக்கு ஏலாது. நாளையில இருந்து நான் வரமாட்டன்" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய் நிலத்தில் குந்திவிட்டாள்.

எனக்குப் பயம் பிடித்தது. மூச்சு முட்டும்போது என்னைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, முதுகில் கை வைத்தபடி நிற்பவள் அவள்.

"மேற்றன் வந்திட்டா," என்றார் லோறன்ஸ். பெற்றிசியா மேற்றன் தாதியருக்கெல்லாம் தலைவி, பேசாலைக்காரி. அவர் கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்கும். அவரும் அதே வெள்ளை உடையில் அவளருகே குந்தினார். நெடுநேரம் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிறகு மேற்றன் எழும்பி, றிஸ்மினாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

அடுத்த நாள் றிஸ்மினா வந்தாள். முறை மாறும் நேரம் பாங்கு நேரத்துக்கு மாறியிருந்தது. ஊருக்குப் போகும் அடம்பன் பஸ் போய்விடுமே என்று முணுமுணுத்தவர்களுக்கு மேற்றன் ஒரு வான் பிடித்துக் கொடுத்தார். றிஸ்மினாவுக்குத் தாதியர் விடுதியில் மேற்றனின் அறையிலேயே ஒரு கட்டில்.

3

கதைக்கு மேற்றன் பேசிய பேச்சு வேண்டும். கேட்காததை எழுதுவதுதானே என் தொழில்.

"மகளே, சேவை என்பது ஒரு விளக்கு, அது..." (சீ. மேடைப் பேச்சு.)

"எழும்பும் பிள்ளை! ஆர் உம்மைப் போகச் சொன்னது?" (குரல் சரி. இதற்கா அவ்வளவு நேரம்?)

"நான் உம்மட வயசில..." (முடிக்கவில்லை. இவ்வளவு நல்ல மேற்றனை யார் நம்புவார்கள்? எனக்கே சந்தேகம்.)

4

வரைவோடு பேசாலைக்குப் போனேன். இப்போது ஓய்வில் இருக்கும் மேற்றன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது.

"என்ன மாஸ்ரர், தலைகீழா எழுதி வச்சிருக்கிறியள்! நான் எங்க அவவத் தூக்கினனான்? எனக்கு முழங்கால் வருத்தம். குந்திட்டன், பிறகு எழும்பேலாமப் போச்சு. அவதான் என்னைத் தூக்கிவிட்டவ."

யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி உடை. பெயர் எழுதியிருந்தது முதுகில். எனக்குத் தெரிந்தது பக்கவாட்டு. தூக்கியவர் மேற்றனாகத்தான் இருக்கவேண்டும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"அப்ப என்னதான் சொன்னனீங்கள்?"

"பாங்கு எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான். அவ்வளவுதான்."

றிஸ்மினாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்த வாட்டுக்கு இன்று பொறுப்பு அவள்தான்.

"ஓம் சேர், கேட்டவதான். ஆனா அதுக்கு முதல் மேற்றன் அழுதவ. 'எனக்கும் ஏலாமக் கிடக்கு பிள்ளை' எண்டவ. அவவ அப்பிடி நிலத்தில விட்டிட்டுப் போகேலுமே?"

இதை மேற்றனிடம் சொன்னேன். "அது வேர்வை," என்றார். "அந்த உடுப்புக்குள்ள ஆருக்குத்தான் வடியாது?"

5

கண்ணீரா வேர்வையா என்று நான் தீர்க்கப்போவதில்லை. அவர் பொரித்துத் தந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு அவரோடேயே வழக்காட முடியாது. இந்த வருட நோன்புக்கும் அந்த வாட்டில் முறை மாறியது பாங்கு நேரத்தில்தான் என்றாள் றிஸ்மினா. கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

முடிவு உங்கள் கையில். இரண்டாம் பிரிவில் அந்தப் பிழையான வரியை வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள். இருவரும் இன்னும் நிலத்தில்தான் குந்தியிருக்கிறார்கள். யார் யாரைத் தூக்கினார் என்பதைத் திருத்தி, மேற்றனை எழுப்பிவிடுங்கள். முழங்கால் கவனம்.